போர்மேனின் திடீர்த் தொப்பை

“ஐஸ் மழை பெய்யப் போகுதாம். டிவியில சொன்னாக,” என்றாள் பொன்மணி.

“ஊட்டிக்குச் சொல்லிருப்பாக. ஆமத்தூருக்கு எவ சொன்னா?” என்றாள் செல்வலட்சுமி. சொல்லும்போதே அவளுக்குப் பல் தந்தியடித்தது.

வெயிலுக்குப் பேர்போன சிவகாசிச் சீமை. அந்தத் தை மாதம் சூரியனுக்கு என்ன கோபமோ, ஒரு வாரமாக எட்டிப் பார்க்கவில்லை. பட்டாசுக் கம்பெனி வேனுக்குள் பெண்கள் ஸ்வெட்டரும் மப்ளருமாக ஒடுங்கியிருந்தார்கள்.

கேட்டில் போர்மேன் சங்கரபாண்டியன் மறித்தார்.

“ஸ்வெட்டரக் கழட்டி இங்கன வச்சிட்டுப் போங்க. நைலான் உரசுனா பொறி கிளம்பும். வெடிமருந்து கெடக்குற இடம். பருத்தி மட்டுந்தான்.”

சட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முனகிக்கொண்டே கழற்றினார்கள். செல்வலட்சுமி மட்டும் நகரவில்லை. அவள் கண் போர்மேனின் வயிற்றிலேயே நின்றது.

நேற்றுவரை முருங்கைக்காய் மாதிரி இருந்த மனுஷன். இன்றைக்குப் பொத்தான் தெறிக்கிற மாதிரி ஒரு தொப்பை.

“பாருங்கடி, அவரு உள்ளுக்குள்ள ஸ்வெட்டர் போட்டிருக்காரு,” என்று கிசுகிசுத்தவள், சத்தமாகவே கேட்டாள். “அண்ணாச்சி, மொதல்ல நீங்க கழட்டுங்க. பெறவு நான் கழட்டுறேன்.”

போர்மேன் முகம் சுருங்கியது. “நான் ஒண்ணும் போடல தாயீ. உள்ள போ.”

“அப்பச் சட்டையத் தெறந்து காட்டுங்க.”

பொன்மணி அவள் கையைக் கிள்ளினாள். “ஏட்டி, வேலைக்கு உலை வச்சுக்கிறாத.”

வாய்த்துடுக்கால் ஏற்கெனவே ஒரு கம்பெனியில் சீட்டுக் கிழிந்தவள் செல்வலட்சுமி. இதுவும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் விட்ட வார்த்தையை எப்படி விழுங்குவது?

“நான் சொன்னது தப்புன்னா வீட்டுக்குப் போயிருதேன். காட்டுங்க.”

சங்கரபாண்டியன் அங்குமிங்கும் பார்த்தார். புதுப்பெண் மாதிரி நெளிந்தபடி பொத்தானைக் கழற்றினார்.

உள்ளே ஸ்வெட்டர் இல்லை. இடுப்பிலிருந்து மார்புவரை சேலை. பழைய சுங்குடிச் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருந்தார்.

“எல்லாம் பருத்தி. நேத்து நீங்க நடுங்குனதப் பாத்தேன். ஆளுக்கொண்ணாப் போத்திக்கிடட்டும்னு கொண்டாந்தேன். ரூமுக்குள்ள போயி அவுக்குறதுக்குள்ள வேன் வந்துருச்சு.”

“பையில கொண்டாரப்படாதா அண்ணாச்சி?” என்றாள் பொன்மணி.

“பாத்திரக்காரன்கிட்டப் போட்டு அண்டா வாங்கணும்னு எம் பொண்டாட்டி சொர்ணலட்சுமி சேத்து வச்ச சேலை. பையில எடுத்தா விடுவாளா? யாரும் மூச்சு விட்றாதீக.”

செல்வலட்சுமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு வேன் பக்கம் திரும்பினாள்.

“எங்க போற? போத்திக்கிட்டு உள்ள போ. லோடு ஏத்தணும்,” என்று ஒரு சேலையை அவள் தோளில் போட்டார் போர்மேன்.

சொர்ணலட்சுமி, செல்வலட்சுமியின் தெருக்காரிதான். எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டாள் என்று தெருவே சொல்லும். சாயங்காலம் குழாயடியில் அவளைக் கண்டதும் செல்வலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

சொர்ணலட்சுமி பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள்:

“நீங்க குளுருல நடுங்குறீகன்னு ராத்திரியே பொலம்புனாரு. காலையில அவரு சுத்திக்கிட்டு நின்னப்ப, தூங்குற மாதிரிக் கண்ண மூடிக் கெடந்தேன். சேலை பத்துச்சா? ஐஸ் மழை வேற பெய்யும்ங்காக. நாளைக்கும் எடுக்கட்டும்னு பெட்டி மேலாக்க இன்னும் கொஞ்சம் வச்சிருக்கேன். எனக்குத் தெரியும்னு மட்டும் அவருகிட்டச் சொல்லிராத. பாவம், கூச்சப்படுவாரு.”