வெறும் குளியல்

துண்டைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்கத்தான் நான் வந்திருக்கிறேன் என்று என் மனைவி ஜூரா நினைத்துக்கொண்டிருந்தாள்.

நான் வந்தது அவளைத் தடுக்க.

வழியெல்லாம் காரை ஓட்டிக்கொண்டே மனசுக்குள் ஒரு பேச்சு தயார் செய்திருந்தேன். கல்லையும் கரைக்கும் பேச்சு. இசிக்குல் ஏரியைப் பார்த்ததும் முதல் வார்த்தையே மறந்துவிட்டது. என் பேச்சுக்கு என் ஆடுகளே நிற்பதில்லை. ஜூராவா நிற்கப் போகிறாள்?

விஷயம் இதுதான். எங்கள் ஊர் முஸ்லிம் மையவாடியில் என் அப்பாவின் குழிக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் இடம், எனக்குப் பக்கத்தில் ஜூராவுக்கு ஓர் இடம். ஊர்ப் பெரியவர்கள் முந்தின நாள் வீட்டுக்கு வந்தார்கள். அவள் சுட்ட ரொட்டியைத் தின்று, அவள் ஊற்றிய தேநீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்கள்: அவள் தண்ணீரில் முங்கி ஞானஸ்நானம் வாங்கினால் அந்த இடம் அவளுக்கு இல்லை.

போதகர் யாக்கோவ் அவளுக்கு வேறு இடம் வைத்திருக்கிறார். அவருடைய ஜெர்மன் சொந்தபந்தமெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஜெர்மனிக்கே போனபின், எங்கள் ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் பாதி காலியாகக் கிடக்கிறது.

ஆக, ஆற்றுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவள்.

என் குறட்டையைச் சகித்துக்கொள்ள இந்த மலைநாட்டில் அவளை விட்டால் ஆளில்லை. 

யாக்கோவ் இடுப்பளவுத் தண்ணீரில் அவளோடு நின்றுகொண்டு, கரையில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: “இது ஒரு அடக்கம். பழைய மனுஷி இயேசுவோட தண்ணியில அடங்குறா. அவரோடயே புது மனுஷியா எழுந்திருக்கிறா.”

அடக்கம் என்ற சொல்லோடு என் காது அடைத்துவிட்டது. எழுந்திருக்கிற பகுதி எனக்கு எட்டவே இல்லை.

அவர் அவளைப் பின்பக்கமாகச் சாய்த்தார். தண்ணீர் மூடியது.

மேலே வந்தது அவளுடைய வெள்ளைத் தலைத்துணி மட்டும்.

ஐயோ!

ஓடினேன். பூட்ஸோடு, தலையில் கல்பக் தொப்பியோடு, கையில் துண்டோடு. எனக்கு நீச்சல் தெரியாது என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. அதற்குள் கல் வழுக்கித் தலைகுப்புற விழுந்தேன்.

ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று கல்யாண வீடுகளில் பெருமையடிப்பவன் நான். அந்த உப்புத் தண்ணீருக்குள் ஒரு பாட்டன்கூட வரவில்லை. ஜூரா, ஜூரா என்றுதான் வாயில் வந்தது. வாயைத் திறந்ததால் ஏரியும் உள்ளே வந்தது.

யாரோ சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்கள்.

அவளேதான். எப்போதோ எழுந்துவிட்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“ஏங்க, இடுப்பளவுத் தண்ணியில முங்கிச் சாகப் பாத்தீங்களே, வெக்கமா இல்ல?”

கரையில் ஒரு பெண் கைதட்டிக் கத்தினாள். “ஜூராவோட வீட்டுக்காரரும் ஞானஸ்நானம் வாங்கிட்டாரு!”

யாக்கோவ் தலையை ஆட்டினார். “இல்லம்மா. நம்பாம முங்கினா அது வெறும் குளியல்தான்.”

‘ஆமாம்’ என்று சொல்லியிருந்தால் அவர் பக்கம் ஒரு தலை கூடியிருக்கும். மனுஷன் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

துண்டும் நனைந்துவிட்டதால் துவட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டு பேரும் கரையில் நடுங்கிக்கொண்டு நின்றோம். கல்பக்கைத் தரையில் வைத்தாலே குற்றம் என்பார்கள் எங்கள் பெரியவர்கள். என்னுடையது ஏரியில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

“தம்பி,” என்றேன் யாக்கோவிடம். பற்கள் தந்தியடித்தன. “உங்க கல்லறைத் தோட்டத்துல, வெறும் குளியல் குளிச்சவனுக்கும் ஒரு இடம் கிடைக்குமா?”

தண்ணீரில் முங்கும்போதுகூட அழாத ஜூரா அப்போது அழுதுவிட்டாள். யாக்கோவ் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

“எம்பக்கத்துலயே குடுத்துருங்க, போதகரே. இவரு குறட்டை விடுவாரு. மத்தவங்க பாவம்.”