துடிக்கும் தட்டு

மதிய இடைவேளை. ஆள் இருக்கக் கூடாத லேபுக்குள் யாரோ குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா கண்ணா, இன்னைக்கு இவ்வளவு குஷியா இருக்கே?"

மேலாளருக்கு முதுகில் சில்லென்றது. அந்தக் கம்பெனிக்குள் குழந்தை நுழைய வழியே கிடையாது.

கதவைத் தள்ளினார். உள்ளே இருட்டு. மைக்ராஸ்கோப்பின் விளக்கு மட்டும் எரிந்தது. அதன்மேல் குனிந்தபடி முன்பின் தெரியாத ஒரு பெண், அதன் அடியில் இருந்த சின்னக் கண்ணாடித் தட்டோடு பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டெக்னீஷியன், கையைப் பிசைந்தபடி நின்றாள்.

ஊழியர்கள் மேலாளருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'பினாயில்'. அவர் வந்து போன இடத்தில் எதுவும் உயிரோடு மிஞ்சாதாம்.

"கொஞ்சம் வெளியே வாங்க," என்றார் டெக்னீஷியனிடம்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார். "யாரு அந்தம்மா? வெளியாளை உள்ளே விடக் கூடாதுன்னு தெரியாதா? வேலையில இருக்கணுமா, வேண்டாமா?"

"இதய நோயில செத்துப்போன ஒரு பையனோட அம்மா சார். அவன் ரத்தத்துல இருந்துதான் நாம தசை வளர்த்தோம்."

கம்பெனியின் பிழைப்பே அதுதான். கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதைப் பக்குவமாகத் தட்டுக்குள் இதயத் தசையாக வளர்ப்பார்கள். வளர்ந்ததும் அது தானாகவே துடிக்கும். புது மருந்தை முதலில் அதன்மேல் விட்டுப் பார்ப்பார்கள்.

"மாசத்துக்கு ஒரு தடவை வந்து, அது துடிக்கிறதைப் பார்த்துட்டுப் போவாங்க. அவ்வளவுதான் சார்."

"அந்தப் பையனோட ஆராய்ச்சிதான் முடிஞ்சுபோச்சே! சும்மா இடத்தை அடைக்குது, எல்லாத்தையும் அழிங்கன்னு சொன்னேனா இல்லையா? என் பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதையா?"

"அழிச்சுட்டோம் சார். நீங்க சொன்ன அன்னைக்கே."

"அப்போ உள்ளே துடிக்கிறது?"

"அது வேற தட்டு."

மேலாளருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பெத்தவங்களையே ஏமாத்துறீங்களா? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு? இருங்க, நானே உண்மையைச் சொல்லி அனுப்புறேன்."

விறுவிறுவென்று உள்ளே போனார். தொண்டையைச் செருமினார்.

அந்த அம்மா நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் ஈரம், முகமெல்லாம் சிரிப்பு.

"பெரிய சார் நீங்கதானா? இங்க வந்து பாருங்களேன். முன்னெல்லாம் தட்டுத் தடுமாறித் துடிக்கும். எப்போ நின்னுடுமோன்னு பயந்துக்கிட்டே பார்ப்பேன். இப்ப எவ்வளவு சீரா இருக்குது! உங்ககிட்ட வந்து என் பிள்ளைக்குக் குணமாயிடுச்சு சார்."

சொல்ல வந்ததை விட்டுவிட்டு, மேலாளர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார்.

வெளிறிய மெல்லிய சவ்வு ஒன்று சுருங்கியது, விரிந்தது. மறுபடி சுருங்கியது. உடம்பு இல்லை, முகம் இல்லை. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க, தன் நெஞ்சுக்குள்ளும் அதே தாளம் கேட்பதுபோல அவருக்குத் தோன்றியது.

"அடுத்த மாசமும் வரலாமா சார்?"

"வாங்கம்மா." அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

அவள் தட்டின் பக்கம் குனிந்தாள். "நூறு வயசு நல்லா இருக்கணும்டா ராஜா," என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

கதவு சாத்திக்கொண்டது. மேலாளர் மைக்ராஸ்கோப்பை விட்டு நகரவில்லை.

"இது யாரோடது?" என்று மெல்லக் கேட்டார்.

டெக்னீஷியன் தயங்கினாள்.

"ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஒருத்தரோட ரத்தம் வேணும்னு கேட்டப்போ, முதல் ஆளா நீங்கதானே சார் கையை நீட்டினீங்க?"