இடது பக்க முக்காலி

"ஆமா, ரொம்ப நாளாவே. எல்லாம் நம்ம ஏற்பாடுதான்" என்று நாகையா பெருமை பொங்கச் சொன்னதும், அவர் மகளைப் பெண் பார்க்க வந்திருந்த வெங்கடசாமி, கையிலிருந்த யங்கோனா வேர்ப்பானச் சிரட்டையைக் குடிக்காமலேயே பாயில் வைத்தார்.

அப்படி வைப்பது ரக்கிரக்கி ஊரில் மரியாதை இல்லை. அவர் வந்த சபேட்டோவிலும் இருக்காது.

வெங்கடசாமி எழுந்தார். அவர் மனைவி எழுந்தாள். மாப்பிள்ளைப் பையன், வாயிலிருந்த பஜியாவை மெல்லுவதா விழுங்குவதா என்று தெரியாமலே எழுந்தான். வாடகைக் கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு கரும்புக்காட்டுக்குள் மறைந்தது.

நாகையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர்த் தொட்டியில் அப்படி என்ன குறை கண்டார் மனுஷன்?

இடது பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டபோது வெங்கடசாமியின் கண் முற்றத்துத் தொட்டி மேல்தான் இருந்தது. மனைவி ஜான்கி ஓடைக்கும் வீட்டுக்குமாகக் குடம் சுமக்கக் கூடாதென்று நாகையா தன் கையாலேயே கட்டிய தொட்டி அது. யுத்தத்தில் கடற்படைப் படகின் எஞ்சின் அறையில் இருந்தவர், இப்போது சர்க்கரை ஆலையில் எஞ்சினியர். அவர் கட்டிய தொட்டி ஒரு சொட்டு ஒழுகாது. "இது ரொம்ப நாளா இருக்கா?" என்றுதான் கேட்டிருப்பார் என்று நாகையா முடிவு கட்டிவிட்டார்.

முடிவு கட்டித்தான் ஆக வேண்டும். இடது காதை அவர் அந்த எஞ்சின் அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

படகில் மேலேயிருந்து வரும் உத்தரவைத் திருப்பிச் சொல்வது விதி. காதில் விழாததை எப்படித் திருப்பிச் சொல்வது? அந்தச் சங்கடத்தில் பிறந்ததுதான் இந்த 'ஆமா'. அதை வைத்தே கடற்படையை முடித்தார். அதை வைத்தே குடும்பத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தார். செவிடு என்று தெரிந்தால் ஆலைக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்காரர்கள் அனுப்ப இடமில்லாமல் கவலைப்படுவார்கள். அதனால் யாருக்கும் தெரியாது. தெரியாது என்பது அவர் நம்பிக்கை.

ஜான்கி வந்து அவருடைய வலப்பக்கம் நின்றாள். அவள் எப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்பாள். பழக்கம் என்று நினைத்திருந்தார்.

"பொண்ணு மனசுல வேற யாராச்சும் உண்டான்னு கேட்டாரு அந்த மனுசன். நீங்க என்னா பதில் சொன்னீங்க, தெரியுதா?"

தெரிந்தது. அதிலும் 'நம்ம ஏற்பாடுதான்' நன்றாகவே தெரிந்தது.

அதற்குப் பிறகு அடுக்களையில் பாத்திரங்கள் எழுப்பிய சத்தம் அவருடைய இடது காதுக்கே கேட்டது.

நாகையா பின்கட்டுக் கொட்டகைக்குப் போனார். ஒரு குறையும் இல்லாத பம்பு ஒன்றைப் பிரித்துப் போட்டார். மனசு சரியில்லையென்றால் நல்ல சாமானைப் பிரித்து மாட்டுவது அவர் வழக்கம். இன்றைக்கு வாஷர் எது, வால்வு எது என்று கைக்குத் தெரியவில்லை.

ஒரே மகள். சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்க்கிறவள். நல்ல இடம், நல்ல நிலம், பஜியா தின்னக்கூடத் தெரியாத நல்ல பையன். எல்லாவற்றையும் ஒரு 'ஆமா'வில் கவிழ்த்தாயிற்று. சபேட்டோவுக்குத் தெரிந்தது நாளைக்கு ரக்கிரக்கி முழுக்கத் தெரியும். இனி எவன் வருவான்?

முக்காலி நகர்ந்தது. மகள் பிரமிளா.

வழக்கம்போல இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். சாயங்காலமானால் அவள் அங்கே உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுப்பாள், ஓயாமல் பேசுவாள். அவர் தலையாட்டி ஆமா, ஆமா என்பார். சாலையில் பஸ் போகும்போது மட்டும் பேச்சை நிறுத்தித் தலைத்துணியால் முகத்தை மூடிக்கொள்வாள். பாவம், தூசி.

அந்தப் பேச்சில் அவருக்குப் பிடிபட்டது ஒரே சொல். சிவன். நாளுக்கு நாள் அது கூடிக்கொண்டே வந்தது. "பொண்ணுக்கு பக்தி வந்திருச்சு" என்று ஜான்கியிடம் சொன்னபோது, அவளுக்கு ஏனோ தேநீர் புரையேறியது.

நாகையா ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"அம்மாடி, இந்த அப்பன் ஒம் பொழப்பக் கெடுத்துட்டேனா?"

அவள் உதடு அசைந்தது. நீளமாக அசைந்தது. அவர் வாய் பழக்கதோஷத்தில் 'ஆ' வரைக்கும் போய்விட்டது.

மூடிக்கொண்டார். எஞ்சின் அறையில்கூட அவர் சொல்லாத சொல் அப்போதுதான் வந்தது.

"கேக்கலம்மா."

பிரமிளா அவரைப் பார்த்தாள். அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பிறகு எழுந்து, முக்காலியைத் தூக்கிக்கொண்டு, பிரித்துப் போட்ட பம்பைச் சுற்றி வந்து, வலது பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

"அரே, நீங்க ஒண்ணும் கெடுக்கலப்பா. உள்ளதத்தான் சொன்னீங்க. நான் அவரக் கட்டிக்கவான்னு கேட்டப்பவும் ஆமான்னுதான் சொன்னீங்க. இந்தப் பக்கம் வந்து கேக்கத்தான் எனக்குத் தைரியம் இல்ல" என்றாள். "சிவன் கோயில்ல இல்லப்பா. சாயங்கால பஸ்ஸ ஓட்டுறாரு."