பெருமாயி தேய்த்த பட்டாளம்

"யாரு இதைத் தேய்ச்சது?"

அரை நாள் பள்ளிக்கூடம் முடிந்து வந்த விமல்ராஜ், தோள் பையைக்கூட இறக்காமல் கேட்டான். மேஜை மேல் இருபத்து நாலு ஈயச் சிப்பாய்கள் வெள்ளி மாதிரி பளபளவென்று நின்றார்கள். காலையில் அவன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியபோது அவர்களுக்கு நீலச் சட்டை இருந்தது, சிவப்புக் காலர் இருந்தது. ஒருவனுக்கு மீசைகூட இருந்தது.

ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம்தான். மேஜையில் படை நிறுத்திப் போர் விளையாட்டு ஆடுகிறவர்களுக்காக அறுபது வருஷத்துக்கு முன்னால் வார்த்தவை. ஊட்டியில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தேடிப் போய் வாங்கி வந்தான். செம்மேட்டுக்கு வாத்தியாராக மாற்றலாகி வந்த எட்டு மாசமும் இதே வேலை. ஒடிந்த துப்பாக்கியை ஒட்டுவான். பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் மட்டும் ஊசி மாதிரி பிரஷ்ஷால் தொட்டு வைப்பான். சேகரிக்கிறவர்களுக்கு அந்தப் பழைய பெயிண்ட்தான் உயிர். அது போனால் வெறும் ஈயம்.

"நான்தானுங்க சார்" என்றாள் பெருமாயி, சமையலறை வாசலில் நின்றபடி. பக்கத்து மலைக் கிராமமான ஆலத்தூர் நாட்டிலிருந்து தினமும் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறவள். "அழுக்கா இருந்துச்சுங்க. கம்பி நார் போட்டுத் தேய்ச்சுப் போட்டேன்."

"அந்த மேஜையைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்க்கா?"

"சொன்னீங்க."

"அப்புறம்?"

பெருமாயி தரையைப் பார்த்தாள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"உங்களுக்கு இது பொம்மை. எனக்கு எட்டு மாச உழைப்பு. நாளையிலிருந்து வர வேண்டாங்க. வேற ஆள் பாத்துக்கறேன்."

"சரிங்க சார்."

கூடையை எடுத்துக்கொண்டாள். "கொழம்பு அடுப்பு மேல இருக்குதுங்க. அய்யாவுக்கு மத்தியான மாத்திரை இன்னும் குடுக்கல. சோறு உண்டதும் குடுத்துருங்க."

அவள் செருப்பை மாட்டும்போது கொல்லைக் கதவு திறந்தது. அவனுடைய அப்பா நல்லமுத்து. அம்மா போனபிறகு, ஆறு மாசம் முன்னால்தான் முள்ளுக்குறிச்சியிலிருந்து அழைத்து வந்திருந்தான். இரண்டு கையிலும் ஈரம். ஒன்றில் கம்பி நார், இன்னொன்றில் குதிரை மேல் உட்கார்ந்த ஒரு சிப்பாய்.

"வந்துட்டியா கண்ணு? இந்தக் குதிரைக்காரன் ஒருத்தன்தான் பாக்கி. சட்டையில நீலம் போகவே மாட்டேங்குது. காலையில புடிச்சுத் தேய்க்கறேன். நீ ராவும் பகலும் இதோட மல்லுக்கட்டறே, உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான். நல்லாருக்குதா?"

விமல்ராஜ் அதை வாங்கிப் பார்த்தான். திருப்பி அவர் கையிலேயே கொடுத்தான்.

"நல்லாருக்குதுப்பா."

அப்பா சிரித்துக்கொண்டே குழாயடிக்குத் திரும்பினார்.

விமல்ராஜ் வாசலுக்குப் போய், பெருமாயியின் கையிலிருந்த கூடையை வாங்கி உள்ளே வைத்தான்.

"ஏனுங்க்கா நீங்கதான்னு சொன்னீங்க?"

"போன வாரம், கேஸை மூடாம விட்டுட்டாருன்னு அய்யாவைச் சத்தம் போட்டீங்க. நீங்க பள்ளிக்கூடம் போனப்புறம் ரெண்டு நாளா மத்தியானம் சோத்தையே தொடலீங்க. என்னாச்சுங்கய்யான்னு கேட்டேன். எதுக்குத் திட்டு வாங்குனோம்னே அவருக்கு ஞாபகமில்லீங்க, திட்டு வாங்குனது மட்டும்தான் ஞாபகமிருக்குது. என்னையத் திட்டுனா, எதுக்குன்னாச்சும் எனக்குத் தெரியுமுங்களே."