கதவில் விழுந்த அடி

நெஞ்சில் குத்துவதுபோல ஓர் ஒலியைச் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியில் உருவாக்க இர்ஃபான் காலையிலிருந்து முயன்றுகொண்டிருந்தான். எல்லாமே சவசவவென்று வந்தன. சத்தம் பொறுக்காமல் கீழ்வீட்டு ஜெசிந்தா மேலே வந்து கதவில் ஓங்கி அடித்தாள். திறந்தவன் கண்கள் விரிய, "அக்கா, அதே மாதிரி இன்னொரு தடவை அடிங்க" என்றான். திட்ட வந்தவள் திகைத்துப்போய் அடித்தாள். ஓடிப்போய்க் குமிழ்களைத் திருகி, ஒரு கட்டையை அழுத்திக் காட்டினான்.

"இது இழுக்குது தம்பி. என் கோபம் பட்டுனு வந்து பட்டுனு போயிரும்."

ஒலியின் நீளத்தைக் குறைத்தான். போதவில்லையென்று அவளே உள்ளே வந்து குமிழைத் திருகிக் கட்டையை அழுத்தினாள். மேசையிலிருந்த கண்ணாடி டம்ளர் அதிர்ந்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவள், கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்: "கோபம் போனப்புறம் உள்ளே ஒண்ணு இருக்குமே தம்பி, அது வருமா இதுல?"