மாநாட்டில் கேட்க ஒரு கேள்வி

திருவனந்தபுரத்து விஞ்ஞான மாநாட்டுக்குத் தன்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று ததேயுஸுக்குப் புரியவே இல்லை. கணக்கில் முட்டை வாங்குகிறவன் அவன். கூட வரும், கடலில்லாத கருங்கல் ஊர்ச் சிலுவைதாசன் போன வருஷம் தோற்றவன்.

"வகுப்புல முதல்ல வாறவன விட்டுட்டு எங்கள எதுக்கு சாரே கூட்டிட்டுப் போறிய?"

"துரைமாரு கேட்டது ஒங்களப் போல ஆளத்தான் மக்கா," என்றார் ஜான்ரோஸ் வாத்தியார். "தலையில எண்ணெ மட்டும் வைக்காத."

அதுவும் புரியவில்லை. ஆனால் மணவாளக்குறிச்சிக் கடற்கரையே பெருமையில் இருந்தது. "ராத்திரி வலை இழுக்கும்போ கடலு மினுங்குதுல்லா, அது ஏன்னு கேட்டுட்டு வா மக்கா," என்றார் அப்பா. அதை இங்கிலீஷில் எழுதி வாங்கி, பஸ் முழுக்க உருப்போட்டான்.

மண்டபத்தில் யாரும் பெயர் கேட்கவில்லை. மேடையில் ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்கள். துரை ஒருவர் அளவெடுக்கும் இரும்புக் கவையை விரித்து அவன் மண்டையைக் கவ்வினார். "கடலோரச் சாதி," என்று இங்கிலீஷில் சொல்லி, அளவை வாசித்தார். சபை எழுதிக்கொண்டது. அடுத்து உள்நாட்டு மண்டை என்று சிலுவைதாசனைக் காட்டினார். கவை ததேயுஸின் தாடைக்கு இறங்கியது.

அவன் அப்பாவின் கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தான்.

"வாய மூடுல மக்கா," என்று வாத்தியார் காதோரம் சொன்னார். "அளவு தப்பிரும்."