இறங்குதுறைக்குக் கீழே இருந்தவர்

நோர்வேயின் வடகரையில் மீன் வெட்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மதிய இடைவேளையில் குகநேசன் இறங்குதுறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். தண்ணீரிலிருந்து ஒருவர் தலைதூக்கினார். முகமெங்கும் கடற்பாசி. மூழ்கிச் செத்தவர் என்று பார்த்ததும் தெரிந்தது. ஆனாலும் குகநேசன் ஓடவில்லை. அந்த ஊரில் அவனிடம் வலிய வந்து பேசிய முதல் ஆள் அவர்தான்.

இரண்டு வருடம் தினமும் பேசினார்கள். அவர் நோர்வீஜிய மொழி சொல்லிக்கொடுத்தார். அவனிடம் யாழ்ப்பாணத் தமிழ் கற்றுக்கொண்டார்.

வதிவிட அனுமதிக்கான மொழித் தேர்வு வந்தது. தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குகநேசன் பேசத் தொடங்க, தேர்வாளரான அறுபது வயதுப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இது நாங்கள் விட்டுவந்த தீவின் பேச்சு. என் அப்பா இப்படித்தான் பேசுவார். எனக்கு ஆறு வயதில் வள்ளத்தோடு கடலில் போனவர். யார் உனக்குச் சொல்லித்தந்தது?"

அவனுக்குப் பொய் வரவில்லை; உள்ளதைச் சொன்னான். அன்று மதியமே அவள் அவனை இழுத்துக்கொண்டு துறைக்கு வந்து, மண்டியிட்டு, அப்பா என்று கூப்பிட்டாள். பலகைக்கு அடியிலிருந்து தமிழில் குரல் வந்தது.

"தம்பி, அவளைக் கூட்டிக்கொண்டு போ. இந்தக் கோலத்தில பிள்ளை என்னைப் பாக்கக் கூடாது."

"அப்பாவின் குரல்தான்! என்ன சொல்கிறார்?"

குகநேசன் தண்ணீரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான்.

"குளிராம். தொப்பியைப் போடச் சொல்கிறார்."

அவள் அவசரமாகத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள். ஆனால் அங்கிருந்து எழவில்லை.